வீட்டுத் தோட்டத்தில் வேட்டையாடும் ஈக்கள்: பார்க்கவும் பெயர் அறியவும் ஒரு வழிகாட்டி

பறவைகளைப் பார்க்கத் தொடங்குபவருக்கும் பட்டாம்பூச்சிகளைப் பார்க்கத் தொடங்குபவருக்கும் தமிழிலேயே கையேடுகள் உண்டு. ஈக்களைப் பார்க்க விரும்புபவருக்கு அந்த வசதி இல்லை. கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இனங்களைப் பற்றியவை. கைப்பேசிச் செயலிகளோ நம் ஊர் ஈக்கு அந்த நாட்டுப் பெயரைத் தயங்காமல் சூட்டிவிடுகின்றன. திருச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்தச் சிக்கல்களோடு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகுதான் ஓர் ஒழுங்கு பிடிபட்டது. அடுத்து வருபவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக அதை வரிசைப்படி எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தவறான இனப்பெயரைவிடச் சரியான குடும்பப் பெயரும் (அதாவது பல உறவு இனங்களை உள்ளடக்கிய பெருந்தொகுதியின் பெயரும்), அந்த ஈ என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஒரு வரிக் குறிப்பும் பல மடங்கு பயனுள்ளவை.

1. அது ஈதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

தேனீ, குளவி, தட்டான் ஆகியவற்றுக்கு இரண்டு இணை இறக்கைகள் உண்டு. ஈக்களுக்கு ஒரே இணைதான். பின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தலை போன்ற இரண்டு சிறு குமிழ்கள் வெளிறிய நிறத்தில் இருக்கும். பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைத்திருக்க உதவும் இந்தக் குமிழ்கள் பக்கவாட்டுப் படத்தில் இறக்கையின் அடியில் தெரிந்துவிட்டால், அது ஈ என்பதில் ஐயம் வேண்டாம். இறக்கை தெளிவாகத் தெரியாதபோது உணர்கொம்பைப் பாருங்கள். நாம் தேடும் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது மிகக் குட்டையாக இருக்கும். குளவிக்கும் தேனீக்கும் நீண்டு முழங்கைபோல் மடங்கியிருக்கும்.

இந்த முதல் படியில்தான் ஏராளமான பதிவுகள் தடம் மாறுகின்றன. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருப்பதெல்லாம் குளவி என்று முடிவு கட்டாதீர்கள். மாலையில் விளக்கடிக்கு வரும் மெலிந்த பூச்சி ஒன்று தட்டான்போல் தோன்றி, நுனி தடித்த உணர்கொம்போடு இருந்தால், அது மணலில் குழி பறிக்கும் குழியானையின் வளர்ந்த வடிவம்; ஈயும் அன்று, தட்டானும் அன்று.

2. வேட்டைக்காரர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஈக்களில் சில வளர்ந்த பருவத்தில் வேட்டையாடும். சில புழுப் பருவத்தில் மட்டும் வேட்டையாடி, வளர்ந்தபின் தேன் குடித்து வாழும். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் நன்மை செய்யும் பூச்சியையே மருந்தடித்துக் கொல்ல நேரும்.

முதலில் கொள்ளைக்கார ஈ. அசிலிடே என்னும் இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இதை அடையாளம் காண முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் போதும்: இரு பெரிய கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாகக் குழிந்திருக்கும், வாய்க்கு மேலே முரட்டு முடிகள் மீசைபோல் அடர்ந்திருக்கும். வெயில் படும் காய்ந்த குச்சியின் நுனி, வேலிக்கம்பி, செங்கல் விளிம்பு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். அருகில் அசையாமல் நின்று கவனித்தால், மேலே ஏதேனும் பறக்கும்போதெல்லாம் அதன் தலை மட்டும் அந்தத் திசைக்குத் திரும்புவதைக் காணலாம். பிறகு விருட்டென்று பாய்ந்து, நொடிகளில் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பிவரும். திரும்பும்போது முட்கள் நிறைந்த கால்களுக்கிடையே ஒரு தேனீயோ வண்டோ இருக்கும். அதன் உடலில் தடித்த அலகுபோன்ற வாய் இறங்கியிருக்கும். வாய் வழியே செலுத்தும் உமிழ்நீர் இரையை முடக்கி உள்ளுறுப்புகளைக் கரைத்துவிட, ஈ அந்தக் கரைசலை உறிஞ்சிக் குடிக்கிறது. குடித்து முடித்ததும் வெறும் கூட்டைக் கீழே போட்டுவிடும். அந்தக் குச்சியின் அடியில் தரையைத் தேடினால் இப்படிப்பட்ட கூடுகள் கிடைக்கும். அவற்றையும் படம் எடுங்கள். இதன் புழுக்கள் மண்ணிலும் மட்கிய மரத்திலும் வாழ்ந்து வண்டுப் புழு போன்றவற்றைத் தின்கின்றன; ஆகவே கொல்லையின் ஒரு மூலையையாவது கொத்திப் புரட்டாமல் விட்டுவையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். குத்தினால் கடுமையாக வலிக்கும்.

இக்குடும்பத்தில் ஹைப்பரெக்கியா என்னும் பேரினம் (குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் சிறு தொகுதி) மரத்தைத் துளைக்கும் கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீயைப் போலவே உருண்டு கறுத்திருக்கும். கருவண்டு என்று நினைத்துக் கடந்துபோகும் முன், இறக்கை ஓர் இணையா, முகத்தில் மீசை உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நெடுங்கால் ஈ. கறிவேப்பிலை, செம்பருத்தி, வாழை இலைகளின் மேற்பரப்பில் உலோகப் பச்சையாகவோ செம்பு நிறமாகவோ மின்னிக்கொண்டு, சற்று ஓடி நின்று மறுபடி ஓடும் சிறு ஈ இதுவே. பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கழிவுகளில் மொய்க்கும் பச்சை ஈயோடு இதைக் குழப்புகிறார்கள். அந்த ஈ தடித்தது, குட்டைக் காலுடையது. நெடுங்கால் ஈ மெலிந்தது, முன்னுடலை உயர்த்தி நிற்பது, பலவற்றின் இறக்கையில் கரும்பட்டைகள் இருக்கும். அசுவினி (கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி), இலைப்பேன், சிலந்திப்பேன் போன்ற மென்மையான உடலுடைய சிற்றுயிர்கள் இதன் இரை.

சிர்பிட் ஈ அந்தரத்தில் அசையாமல் நின்று பறப்பது. தேனீ வேடம் போட்டிருந்தாலும் கொட்டாது. வளர்ந்த ஈ பூக்களில் தேனும் மகரந்தமும் உண்ணும்; வேட்டையாடுவது அதன் புழு. இறக்கையின் நடுவில், முனைகள் எந்த நரம்போடும் சேராத ஒரு பொய் நரம்பு ஓடும். அதுவே இக்குடும்பத்தின் முத்திரை. ஆணின் கண்கள் பெரும்பாலும் உச்சியில் ஒன்றையொன்று தொட்டிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். நம் பயறு, அவரைக் கொல்லைகளில் எளிதாகக் காணக் கிடைப்பது இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் என்னும் இனம்.

துணி துவைக்கும் கல்லைச் சுற்றியுள்ள ஈரச் சேற்றில் ஓடித் திரியும் சாம்பல் நிற ஈக்களையும் விட்டுவிடாதீர்கள். லிஸ்பே பேரினத்தைச் சேர்ந்தவை நீர் விளிம்பில் சிறு புழுக்களையும் கொசுப் புழுக்களையும் பிடித்துத் தின்பவை. வாயருகில் கரண்டி வடிவில் இரு உறுப்புகள் தெரியும். ஆக்தீரா என்னும் மற்றொரு சிறு ஈக்குக் கும்பிடுபூச்சியைப் போல முன்னங்கால் பருத்து மடங்கியிருக்கும். டாக்சோரிங்கைட்டிஸ் என்னும் பெருங்கொசு உலோகப் பளபளப்பும் கீழ்நோக்கி வளைந்த உறிஞ்சுகுழலும் கொண்டது. மனிதரைக் கடிப்பதே இல்லை, அதன் புழு மற்றக் கொசுக்களின் புழுக்களைத் தின்கிறது. இதற்காக வீட்டில் நீரைத் தேக்கி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கவே கூடாது, டெங்கு பரப்பும் கொசு அதே நீரில் பெருகும்.

3. மாதம், நேரம், இடம்

காவிரிப் படுகையிலும் கிழக்கு மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. முதல் மழைக்குப் பின் தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் பூக்கத் தொடங்கியதிலிருந்து பிப்ரவரி வரை உள்ள காலமே புதியவர்களுக்கு ஏற்றது. கன்னியாகுமரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியும் இன்னொரு வாய்ப்பு உண்டு. கத்தரி வெயிலில் எதுவும் தென்படவில்லை என்று மனம் தளர வேண்டாம். அது பருவத்தின் இயல்பு.

சிர்பிட் ஈக்களுக்குக் காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம். வெயில் ஏறியபின் பூக்களில் அவை குறைந்துவிடும். கொள்ளைக்கார ஈ இதற்கு நேர்மாறு, உடல் சூடேறிய பிறகே வேட்டையைத் தொடங்கும் என்பதால் ஒன்பது மணிக்குமேல் தேடுங்கள். நெடுங்கால் ஈயை நிழலும் ஈரமும் உள்ள இலைகளில் பகல் முழுவதும் காணலாம்.

தோட்டம் முழுவதையும் சுற்றி வருவது வீண். அசுவினி பிடித்த அவரைக் கொழுந்து, அசுவினி பிடித்த எருக்கஞ்செடி, வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த குச்சி, பூத்த துளசி, ஈரச் சேறு ஆகியவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் கால்மணி நேரம் உட்காருங்கள். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு துளசித் தொட்டியும் ஓர் அவரைத் தொட்டியும் போதும்.

4. கருவிகளும் செலவும்

கையில் உள்ள கைப்பேசியே போதும். அதன்மேல் கவ்வி மாட்டும் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை விற்கிறது. மிக மலிவானவற்றில் படத்தின் ஓரங்கள் மங்கும், ஆனால் நடுப்பகுதி அடையாளம் காணப் போதுமானதாக இருக்கும். எனவே விலை உயர்ந்ததை முதலிலேயே வாங்காதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இறந்து கிடக்கும் ஈயின் இறக்கை நரம்பையும் முகத்தையும் பார்க்க அது உதவும். மற்றபடி ஒரு சிறு அளவுகோல், ஒரு குறிப்பேடு, ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்க ஒரு துண்டு வெள்ளை பட்டர் பேப்பர். இதற்குமேல் செலவு செய்யும் எண்ணத்தை ஓராண்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

மேக்ரோ லென்ஸ் மாட்டினால் பூச்சிக்குச் சில சென்டிமீட்டர் தூரம்வரை நெருங்க வேண்டியிருக்கும். திரையைத் தட்டித் தட்டிக் குவியத்தைத் தேடுவதைவிட, கைப்பேசியையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தியபடி தொடர் படங்களாக எடுப்பதே பலன் தரும்.

5. அடையாளத்துக்கு உதவும் படங்களை எடுங்கள்

அழகான படமும் அடையாளத்துக்கு உதவும் படமும் ஒன்றல்ல. நிபுணர் ஒருவர் பெயர் சொல்ல வேண்டுமானால் அவருக்கு மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் வேண்டும். முகம் நேராகத் தெரியும் படமும், இறக்கை நரம்புகள் தெரியும் படமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கால்களின் நிறத்தையும் விட்டுவிடாதீர்கள்; பல பேரினங்களைப் பிரிப்பதில் அது உதவுகிறது. மூன்றடி தொலைவிலேயே ஒரு படத்தை எடுத்துவிட்டு, பிறகு படிப்படியாக நெருங்குங்கள். முதல் படம் மங்கலாக இருந்தாலும் அது ஒரு சான்று. நெருங்கும் வரை காத்திருந்தால் ஈ பறந்துவிடும், கையில் ஒன்றும் இருக்காது.

ஈயின் மேல் உங்கள் நிழல் விழக்கூடாது. சூரியன் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள்; மேலிருந்து குனியாமல், தாழ்வாக, மெதுவாக நெருங்குங்கள். அளவு காட்டுவதற்காகப் பக்கத்தில் நாணயம் வைக்கப் போனால் அது பறந்துவிடும். பறந்தபின் அதே இலையின் மேல் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் உடல் நீளத்தைப் பிறகு கணக்கிடலாம். இரையோடு இருக்கும் கொள்ளைக்கார ஈ கிடைத்தால் இரையையும் தனியாகக் கூர்மையாக எடுங்கள். அது வேட்டையை முடிக்கும் வரை எளிதில் இடம் மாறாது என்பதால், அதுவே உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வாய்ப்பு.

6. ஆவணம் இல்லாத படம் பாதிப் பதிவு

கைப்பேசிக் கேமராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவு இயங்குகிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி, அங்கிருந்து இறக்கிப் பதிவேற்றுபவர்கள் பலர். அப்படி அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதோடு, எடுத்த நேரமும் இருப்பிடமும் அழிந்துபோகின்றன. அசல் கோப்பையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், ஊர், வெயிலா மேகமா, எந்தச் செடியில், செடியின் எந்தப் பகுதியில், என்ன செய்துகொண்டிருந்தது, இரை இருந்தால் அது என்ன என்பவற்றை அன்றைக்கே எழுதுங்கள். இரைக் குறிப்பை நான் மிகவும் வலியுறுத்துவேன். எந்த ஈ எதைத் தின்கிறது என்பது நேரில் பார்த்தவர் எழுதினாலன்றி யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

7. பதிவேற்றமும் காத்திருப்பும்

உயிரினங்களின் படங்களைப் பதிவிட்டு மற்றவர்களின் உதவியோடு பெயர் அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையதளத்தில் கணக்குத் தொடங்குவதும் பதிவிடுவதும் இலவசம். ஒரே பூச்சியின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். வேறு பூச்சிகளை அதில் கலக்கக் கூடாது. இரைக்குத் தனிப் பதிவு போட்டு அதே படத்தை அங்கும் பயன்படுத்தலாம். செயலி பரிந்துரைக்கும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல், அந்த இனம் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். ஐயம் இருந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். அதுவும் தெரியாவிட்டால் ஈக்கள் என்ற வரிசைப் பெயரையாவது இடுங்கள். பெயரே இல்லாத பதிவுகள் ஈக்களை மட்டும் தேடிப் பார்க்கும் நிபுணர்களின் கண்ணில் படுவதில்லை.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. செடி நீங்கள் நட்டது என்பதால், தானாக வந்து அமர்ந்த ஈயையும் வளர்க்கப்பட்டது என்று குறித்துவிட்டால் பதிவின் தரம் இறங்கிவிடும், ஈ காட்டுயிர்தான். மற்றொன்று உங்கள் பாதுகாப்பு. கொல்லையில் எடுத்த ஒவ்வொரு படமும் உங்கள் வீட்டின் துல்லியமான இடத்தை உலகுக்குக் காட்டும். இருப்பிடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் பொதுப் பார்வையில் 0.2 பாகை அகலமுள்ள, அதாவது ஒவ்வொரு பக்கமும் சுமார் 22 கிலோமீட்டர் நீளமுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஓரிடமாக மட்டுமே அது தெரியும். பெண்களும் சிறுவர்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பெயர் உறுதியாகும் காலம் சில நாட்களிலிருந்து பல மாதங்கள்வரை ஆகலாம். பல கொள்ளைக்கார ஈக்களின் இனத்தைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டியிருப்பதால், நல்ல படமிருந்தும் பேரினத்தோடு நின்றுவிடும் பதிவுகளே மிகுதி. அது உங்கள் குறை அன்று.

8. அனுமதி வேண்டிய இடங்கள்

சொந்தக் கொல்லையில் படம் எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மருந்து தெளிக்கும் நாட்களையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் உயிரினங்களைப் பிடிப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி முன் அனுமதி இல்லாமல் கூடாது. பூச்சியும் அதில் அடங்கும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் விடுமுறைக்கு வரும்போது ஆய்வுக்கென்று மாதிரிகளைச் சேகரிக்க விரும்பினால், உயிரியல் பன்மைச் சட்டம், 2002-இன்கீழ் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆகவே பெட்டியில் போட்டு எடுத்துச் செல்வதைத் தவிருங்கள்.

நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்க விரும்புபவர்களுக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பூச்சி அருங்காட்சியகம் அரிய வாய்ப்பு. புறப்படும் முன் பார்வை நேரத்தையும் விடுமுறை நாட்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

9. புழுவை வளர்த்துப் பாருங்கள்

அசுவினிக் கூட்டத்தின் நடுவே புழு ஒன்றைக் கண்டால் முதலில் கால்களைத் தேடுங்கள். ஆறு கால்களும் அரிவாள்போல் வளைந்த தாடைகளும் இருந்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சு. ஆறு கால்களோடு கறுத்து, முதுகில் மஞ்சள் புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் பொறிவண்டின் குஞ்சு. காலே இல்லாமல், முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்று, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது சிர்பிட் ஈயின் புழு. கண் இல்லாத அந்தப் புழு முன்னுடலைத் தூக்கி இப்படியும் அப்படியும் துழாவும். ஓர் அசுவினியின் மேல் பட்டதும் வாய்க்கொக்கியால் மாட்டி, இலையிலிருந்து அப்படியே மேலே தூக்கி உறிஞ்சிவிட்டு, வெறுந்தோலை உதறிவிடும். ஒரு புழு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும். அந்தக் கொழுந்துக்கு மருந்து தேவையில்லை.

அசுவினி நிறைந்த கொழுந்தோடு அந்தப் புழுவை அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். மூடி போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நேரடி வெயில் ஆகாது. தினமும் புதிய அசுவினிக் கொழுந்து தேவை. பழையதை எடுக்கும்முன் அதில் புழு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில நாட்களில் அது நீர்த்துளி வடிவக் கூடாக மாறும். நம் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈ வெளிவரும். வெளிவந்தவுடன் இறக்கை சுருங்கியும் நிறம் வெளிறியும் இருக்கும் என்பதால் சில மணி நேரம் பொறுத்துப் படம் எடுத்துவிட்டு, அதே செடியில் விட்டுவிடுங்கள். புழு, கூடு, ஈ மூன்றின் தேதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூட்டிலிருந்து ஈக்குப் பதிலாக, பின்னங்காலில் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை போட்ட ஒல்லியான சிறு குளவி வந்தால் திகைக்க வேண்டாம். அது பெரும்பாலும் டிப்ளாசான் லேட்டடோரியஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கும். சிர்பிட் புழுவுக்குள் வளர்ந்து கூட்டைத் துளைத்து வெளியேறுவது. காலியான கூட்டைத் தூக்கி எறியாமல், துளை தெரியும்படி அதைக் குளவியோடு சேர்த்துப் படம் எடுத்து, எந்தச் செடியில் கிடைத்த புழு என்ற குறிப்போடு குளவிக்கும் ஒரு தனிப் பதிவு போடுங்கள்.